ஒரே பெயர், இரண்டு கணக்கு

1979 ஜூன் 7 அன்று சோவியத் யூனியனின் கபூஸ்டின் யார் ஏவுதளத்திலிருந்து ஓர் இந்திய செயற்கைக்கோள் கிளம்பிற்று. பெயர் பாஸ்கரா-1. 1981 நவம்பர் 20 அன்று அதே இடத்திலிருந்து பாஸ்கரா-2. ஒன்று, இரண்டு என்பது ஏவிய வரிசை. விண்வெளித் துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கும் சம்பிரதாயம்தான். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எண்களுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. இந்தியக் கணித வரலாற்றில் நிஜமாகவே பாஸ்கரர்கள் இரண்டு பேர். ஒருவர் தன் முக்கியமான உரையை எழுதியது கி.பி. 629இல். மற்றவர் தன் பெரிய நூலை முடித்தது 1150இல். இடையே 521 வருடங்கள்.

நாட்டுக்குத் தெரிந்தது இரண்டாமவரைத்தான். 'லீலாவதி' எழுதியவர், பள்ளிப் புத்தகங்களில் பாஸ்கராச்சாரியார் என்று மரியாதையோடு வருபவர். 2014இல் அவருக்கு 900 வயது என்று கருத்தரங்குகள் நடந்தன. முதலாமவருக்கு அந்த யோகம் இல்லை. அவர் செய்தவை சில சமயம் பின்னவர் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. சில சமயம் அவர் இருந்ததே மறந்துபோகிறது.

தமிழர்களுக்கு இது பழகிய சங்கதி. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய சங்ககால ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்று தமிழ் ஆசிரியர்கள் எத்தனை முறை சொன்னாலும் ஜனங்களின் மனத்தில் இருப்பது கோல் ஊன்றிய ஒரே பாட்டிதான். இலக்கியத்தில் இப்படிச் சேர்த்துவிடுவதால் பெரிய சேதமில்லை. பாட்டு பாட்டாகவே இருக்கும். கணிதத்தில் அப்படியல்ல. அங்கே எது முதலில் வந்தது, யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வழக்கே. ஒரு பெயருக்கு ஒரு ஆளா, இரண்டு ஆளா என்ற கேள்விக்கு விடை மாறினால் ஒரு கண்டுபிடிப்பு 500 வருடம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கே கைமாறிவிடும்.

அப்படி ஒன்று கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. மாட்டிக்கொண்டவர் ஆர்யபட்டர்.

ஆர்யபட்டரைப் பற்றி வருடக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று அவரே குறித்திருக்கிறார். அது கி.பி. 499. எனவே பிறந்தது 476. அவருடைய 'ஆர்யபடீயம்' 121 செய்யுள்கள் கொண்ட சிறிய புத்தகம். நான்கு பகுதிகள். அவற்றில் கணித பாதம் என்ற பகுதிக்கு 33 செய்யுள்கள்தான். வர்க்கமூலம், கனமூலம் எடுக்கும் வழி, முக்கோணம், வட்டம், வட்டி, குட்டகம் என்கிற சமன்பாட்டு வித்தை எல்லாம் அந்த 33க்குள் அடக்கம். 20,000 விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்கிறார். வகுத்துப் பார்த்தால் 3.1416. அது துல்லியம் அல்ல, நெருங்கிய அளவுதான் என்று சொல்லிவிடும் நேர்மையும் அவருக்கு இருந்தது.

இந்த 33 செய்யுள்கள் இவருடையவை அல்ல என்று 1908இல் ஒருவர் எழுதினார். ஜி.ஆர். கே என்ற ஆங்கிலேயர். இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். இந்தியக் கணிதத்தில் உருப்படியாக இருப்பதெல்லாம் கிரேக்கர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பொதுவான கட்சி. ஆர்யபட்டர்கள் இரண்டு பேர், கணித பாதத்தை எழுதியவர் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பின்னவர் என்று அவர் வாதிட்டார்.

சாட்சி இல்லாமல் சொல்லவில்லை. அவருடைய சாட்சி சாதாரண ஆளும் அல்ல. கஜினி முகமதுவின் காலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி. 1030 வாக்கில் முடித்த தன் புத்தகத்தில் அல்பிரூனி இரண்டு ஆர்யபட்டர்களைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் மூத்தவர், இன்னொருவர் குசுமபுரத்து ஆர்யபட்டர், மூத்தவரின் வழியைப் பின்பற்றுபவர். கணித பாதத்தின் முதல் செய்யுளில் ஆர்யபட்டர் குசுமபுரத்தைத்தான் சொல்கிறார். ஆகவே அந்தப் பகுதி பின்னவருடையது. கோர்ட்டில் நிற்கக்கூடிய வாதம் போலத்தான் தெரிகிறது.

விளைவைக் கவனிக்க வேண்டும். 62,832க்கு 20,000 என்ற அதே விகிதம் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மியின் அல்ஜீப்ரா புத்தகத்திலும் இருக்கிறது. கணித பாதம் 499இல் எழுதப்பட்டது என்றால் இந்தியாவில் அந்த எண் பாக்தாதுக்கு 300 வருடம் முன்பே இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றால் பாக்தாதைப் பார்த்து எழுதியது என்று சொல்ல வழி பிறந்துவிடும். நடுவில் ஒரு எண்கூட மாறவில்லை. மாறியது ஆர்யபட்டர் ஒருவரா, இருவரா என்பது மட்டும்தான்.

கேயின் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அல்பிரூனி ஆர்யபட்டரின் புத்தகங்களைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அவை தனக்குக் கிடைக்கவில்லை, பிரம்மகுப்தர் எடுத்துக்காட்டியதை வைத்தே தெரிந்துகொண்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரம்மகுப்தரோ ஆர்யபட்டரைத் திட்டுவதற்காகவே பல இடங்களில் எடுத்துக்காட்டியவர். போதாததற்கு ஆர்யபட்டர் எழுதியது ஒரு புத்தகம் அல்ல, இரண்டு. நாளை சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது ஆர்யபடீயம். நள்ளிரவிலிருந்து கணக்கிடும் இன்னொரு நூலும் இருந்தது, இப்போது கிடைக்கவில்லை. ஒரே ஆள் ஒரு இடத்தில் நள்ளிரவு என்றார், இன்னொரு இடத்தில் உதயம் என்றார் என்று வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். கைக்கு வந்த துண்டு துணுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாதபோது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு ஆட்கள் தெரிவது இயற்கை.

கேக்குப் பதில் சொன்னவர் கல்கத்தாவின் பிபூதிபூஷண் தத்தா. 1926இல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே 'அல்பிரூனியின் இரண்டு ஆர்யபட்டர்கள்'. இருவரும் ஒருவரே என்பது அவருடைய முடிவு. நான்கு வருடம் கழித்து, 1930இல், 'இரண்டு பாஸ்கரர்கள்' என்று இன்னொரு கட்டுரை எழுதினார். அங்கே முடிவு நேர்மாறு: ஒருவர் என்று நினைத்தது இருவர். ஒரு பெயரைச் சேர்த்துக் கட்டினார், இன்னொரு பெயரைப் பிரித்து வைத்தார். பிற்பாடு லக்னோவின் அவதேஷ் நாராயண் சிங்கோடு சேர்ந்து அவர் எழுதிய 'இந்துக் கணித வரலாறு' 1935லும் 1938லும் இரண்டு பாகங்களாக வெளிவந்து இன்றுவரை ஆதார நூலாக இருக்கிறது. தத்தா பிறகு சந்நியாசம் வாங்கிக்கொண்டார். ஆசிரமப் பெயர் சுவாமி வித்யாரண்யர். விஜயநகர காலத்து சிருங்கேரி வித்யாரண்யரை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு புன்னகை வரலாம். பெயர்க் குழப்பங்களைத் தீர்த்துவைத்தவர் கடைசியில் தானும் ஒரு பழைய பெயருக்குள் போய்ச் சேர்ந்தார்.

தத்தாவின் இரண்டு கட்டுரைகளுக்கும் அடியில் ஒரு தொடர்பு உண்டு. ஆர்யபட்டரின் கணித பாதம் அவருடையதே என்பதற்கு இருக்கும் மிக வலுவான சாட்சி வேறு யாரும் அல்ல, மறக்கப்பட்ட முதலாம் பாஸ்கரர்தான்.

அவர் ஆர்யபடீயத்துக்கு உரை எழுதியவர். எழுதிய வருடத்தையும் விசித்திரமான முறையில் விட்டுச் சென்றிருக்கிறார். கல்பம் தொடங்கி 198,61,23,730 வருடங்கள் கழிந்தன என்கிறார். பயப்பட வேண்டாம், இந்தப் பிரம்மாண்டமான எண்ணின் கடைசிப் பகுதியான 3,730தான் கலியுக ஆண்டு. அதிலிருந்து 3,101ஐக் கழித்தால் 629. அதாவது ஆர்யபட்டருக்கு 130 வருடம் பின்னால், அல்பிரூனிக்கு 400 வருடம் முன்னால். அந்த உரையில் கணித பாதம் செய்யுள் செய்யுளாக, உதாரணக் கணக்குகளோடு விளக்கப்பட்டிருக்கிறது. குசுமபுரம் என்றால் பாடலிபுத்திரம் என்றும் சொல்லிவிடுகிறார். 629இல் உரை எழுதப்பட்ட பகுதியை 10ஆம் நூற்றாண்டில் ஒருவர் எழுதியிருக்க முடியாது. வழக்கு முடிந்தது.

ஆனால் அந்த உரை முழுசாக அச்சுக்கு வர 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்யபட்டரின் 1,500ஆவது பிறந்த ஆண்டுக்காக இந்திய தேசிய அறிவியல் கழகம் ஆர்யபடீயத்தைப் பதிப்பித்தபோது, லக்னோ பல்கலைக்கழகத்தின் கிருபா சங்கர் சுக்லா இந்த உரையையும் பதிப்பித்தார். ஆதாரமாக இருந்த சுவடிகளில் பெரும்பாலானவை திருவனந்தபுரத்தில் கிடைத்தவை. வல்லபி, பரூச் என்று குஜராத் பக்கத்து ஊர்களை உதாரணம் காட்டி எழுதிய ஒருவர் மலையாள ஓலைகளில் பிழைத்திருந்தார்.

தெற்கில் அவர் மறக்கப்படவே இல்லை என்பதுதான் விஷயம். அவருடைய 'மகாபாஸ்கரீயம்', 'லகுபாஸ்கரீயம்' இரண்டும் கேரளத்தில் பாடப் புத்தகங்களாகவே இருந்தன. லகுபாஸ்கரீயத்துக்கு சங்கரநாராயணர் என்பவர் 869இல், சேர அரசன் ஸ்தாணு ரவியின் மகோதயபுரத்தில் இருந்துகொண்டு விளக்கம் எழுதியிருக்கிறார். 1114இல் பிறந்த ஒருவரின் புத்தகத்துக்கு 869இல் விளக்கம் எழுத முடியாது என்பதைக் காண கணித மேதை தேவையில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் ஆணியில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் மூலநூலான 'வாக்கியகரணம்', 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதுவும் மகாபாஸ்கரீயத்தை ஒட்டிச் செல்வதுதான். முகூர்த்த நாள் பார்ப்பவர்கள் பெயர் தெரியாமலே முதலாம் பாஸ்கரரிடம் கணக்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வெறும் உரையாசிரியரும் அல்ல. மகாபாஸ்கரீயத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு கோணத்தின் சைன் மதிப்பை அட்டவணை இல்லாமலே கண்டுபிடிக்கும் வழி. இன்றைய டிகிரிக் கணக்கில் சொன்னால்: கோணத்தை 180இலிருந்து கழித்து, மீதியைக் கோணத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். வந்த தொகையின் நான்கு மடங்கை எடுத்துக்கொண்டு, 40,500இலிருந்து அதே தொகையைக் கழித்தால் வரும் மீதியால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். 30 டிகிரிக்குப் போட்டுப் பார்க்கலாம். 30ஐ 150ஆல் பெருக்கினால் 4,500. நான்கு மடங்கு 18,000. கீழே 36,000. விடை சரியாக அரை. 45 டிகிரிக்கு இந்தச் சூத்திரம் தரும் விடை 0.7059, உண்மையான மதிப்பு 0.7071. கால்குலேட்டர் இல்லாத உலகத்துக்கு இது தாராளமாகப் போதும். இதே சூத்திரம் வேறு உருவத்தில் அவருடைய சமகாலத்தவரான பிரம்மகுப்தரிடமும் இருக்கிறது. ஆர்யபட்டரைத் திட்டியவரும் ஆர்யபட்டருக்கு உரை எழுதியவரும் ஒரே சூத்திரத்தில் வந்து நிற்பது தனி வேடிக்கை.

அப்படியானால் இரண்டாம் ஆர்யபட்டர் என்று ஒருவர் கிடையவே கிடையாதா? உண்டு. ஆனால் அவர் கே சொன்ன ஆள் அல்ல. 18 அத்தியாயங்கள் கொண்ட 'மகாசித்தாந்தம்' என்ற நூலை எழுதியவர். பெயர் ஆர்யபட்டர்தான். காலம் 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது பரவலான கணிப்பு. அந்தப் புத்தகத்தை காசியின் சுதாகர் துவிவேதி 1910இல் பதிப்பித்தார்.

இருவரும் வேறு என்பதை அவர்கள் எண் எழுதும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். முன்னவரின் முறையில் க முதல் ம வரையிலான சமஸ்கிருத மெய்யெழுத்துகளுக்கு 1 முதல் 25 வரை மதிப்பு. அப்புறம் ய 30, ர 40 என்று போகும். உயிரெழுத்து, அந்த எண் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும். ஒரு யுகத்தில் சூரியனுக்கு 43,20,000 சுற்று. இதை அவர் இரண்டே அசையில், 'க்யுக்ரு' என்று முடித்துவிடுகிறார். முதல் க வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து, அதற்கு 2. ய என்பது 30. இரண்டும் 'உ' ஏறி வருவதால் பத்தாயிரங்கள்: 3,20,000. அடுத்த க நான்காம் எழுத்து, அதன் மேல் 'ரு' ஏறினால் பத்து லட்சங்கள்: 40,00,000. தமிழில் இந்த இரண்டு எழுத்தும் ஒரே 'க'வாகிவிடுவதால் கணக்கே காணாமல் போய்விடும். ஆர்யபட்டர் தமிழில் எழுதாதது நல்லதாயிற்று. பின்னவர் இந்த முறையைத் தொடவே இல்லை. க, ட, ப, ய என்று தொடங்கும் எழுத்துகளுக்கெல்லாம் ஒன்று என்று வைக்கும் கடபயாதி முறையைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார்.

தவிர, பின்னவரே உண்மையை ஒளிக்கவில்லை. விருத்த ஆர்யபட்டர், அதாவது முதிய ஆர்யபட்டர் சொன்ன சித்தாந்தம் நீண்ட காலம் கடந்ததில் பாடம் சிதைந்துபோனதால் அதைத் தன் வார்த்தையில் சொல்வதாகவே அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கதையில் தான் இரண்டாமவர் என்று தெரிந்திருந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு 'முதலாம்', 'இரண்டாம்' என்ற பட்டங்கள் எல்லாம் நவீன ஆராய்ச்சியாளர்கள் வசதிக்காக மாட்டியவை. முதலாம் பாஸ்கரருக்குத் தான் முதலாமவர் என்று தெரிய வழியே இல்லை.

பெயர் எழுதுவதில் இன்னொரு தகராறும் உண்டு. ஆங்கிலத்தில் பலர் ஆர்யபட்டரின் பெயரில் 'ட்'டை இரட்டித்து எழுதுகிறார்கள். பட்ட என்றால் பண்டிதர். அவருடைய பெயரில் இருப்பதோ போர்வீரனைக் குறிக்கும் ஒற்றை டகரம். செய்யுளின் சந்தமும் ஒற்றைக்குத்தான் இடம் கொடுக்கிறது. தமிழுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. வல்லோசைக்காக இரட்டித்து எழுதுவது நம் எழுத்தின் வழக்கம். 1975 ஏப்ரல் 19 அன்று மேலே சென்ற இந்தியாவின் முதல் செயற்கைக்கோளும், அதன் படம் போட்டு வந்த பழைய 2 ரூபாய் நோட்டும் இந்தப் பெயரை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

பாஸ்கரர்களுக்குத் திரும்பினால், பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குப் பதில் எளிது. பாஸ்கரன் என்றால் சூரியன். கிரகம் கணிக்கும் குடும்பத்தில் பிள்ளைக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் எது? மகாராஷ்டிரத்தின் சாலீஸ்காவ் அருகே பாட்னாதேவி கோயிலில் 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பம்பாயின் டாக்டர் பாவு தாஜி 19ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 'லீலாவதி' பாஸ்கரரின் பேரன் சாங்கதேவர், தாத்தாவின் நூல்களைச் சொல்லிக்கொடுக்க ஒரு மடம் அமைத்த செய்தி அதில் உண்டு. வம்சாவளியும் உண்டு. அதில் சில தலைமுறை முன்னால் இன்னொரு பாஸ்கரர், போஜராஜனிடம் வித்யாபதி பட்டம் வாங்கியவர். ஆக, இரண்டாம் பாஸ்கரர் தன் சொந்த வீட்டிலேயே முதலாமவர் அல்ல. இவர்கள் போக, பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதிய தத்துவவாதி பாஸ்கரர் ஒருவர். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் ஆட்சியில் காவிரிக் கரையில் வாழ்ந்து லலிதா சகஸ்ரநாமத்துக்கு உரை தந்த பாஸ்கரராயர் இன்னொருவர்; பாஸ்கரராஜபுரம் என்ற ஊர்ப் பெயரில் இருக்கிறார்.

இத்தனை பேரில் புகழ் ஏன் ஒருவரிடம் மட்டும் தங்கியது? லீலாவதி பாடம் நடத்துவதற்கு வாகான புத்தகம். கணக்குகளில் தேனீ, அன்னம், மயில் எல்லாம் வரும். அக்பர் அவையின் பைஸி 1587இல் அதைப் பாரசீகத்தில் பெயர்த்தார். லீலாவதி பாஸ்கரரின் மகள், கல்யாண முகூர்த்தம் பார்க்க வைத்த நாழிகை வட்டிலில் முத்து விழுந்து அடைத்துக்கொண்டது என்ற கதை அந்தப் பாரசீக நூலின் முன்னுரை மூலம் பரவியது. 1817இல் கோல்புரூக் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். உலகத்தின் கண்ணில் இந்தியக் கணிதம் என்றால் பாஸ்கரர் என்று ஆயிற்று.

புகழுக்குக் காரணமான இன்னொன்று, அவருடைய 'பீஜகணித'த்தில் வரும் சக்ரவாளம் என்ற முறை. ஒரு வர்க்க எண்ணை 61ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இன்னொரு வர்க்க எண் வர வேண்டும். அப்படி எண் எது? கேள்வி சின்னது. மிகச் சிறிய விடையே 22,61,53,980. அதன் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது 176,63,19,049இன் வர்க்கம். குருட்டாம்போக்கில் தேடினால் ஆயுள் போதாது. சக்கரம் போலச் சுற்றி வரும் இந்த முறையில் பாஸ்கரர் சில படிகளில் விடைக்குப் போய்விடுகிறார். பிரான்சின் பெர்மா 1657இல் இதே 61ஐத்தான் சவாலாக விட்டார், 500 வருடம் முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது தெரியாமல். ஐரோப்பாவில் இந்த வகைச் சமன்பாட்டுக்கு 'பெல் சமன்பாடு' என்று பெயர். ஆய்லர் செய்த பிசகு அது. ஜான் பெல்லுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பெயர் விஷயத்தில் குழம்புவது இந்தியர்களுக்கு மட்டும் வாய்த்த குணமல்ல.

சக்ரவாளம் பாஸ்கரருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நெடுநாள் நம்பப்பட்டது. பாஸ்கரர் அப்படிச் சொல்லவில்லை. இதற்குச் சக்ரவாளம் என்று பெயர் சொல்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நூலின் முடிவில் பிரம்மகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் ஆகியோரின் நூல்கள் விரிவானவை, அவற்றின் சாரத்தை எடுத்தேன் என்று கடனையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1954இல் சுக்லா, முதலாம் பாஸ்கரரின் லகுபாஸ்கரீயத்துக்கு உதயதிவாகரர் என்பவர் எழுதிய 'சுந்தரி' என்ற விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எழுதப்பட்ட வருடம் 1073. அதாவது இரண்டாம் பாஸ்கரர் பிறப்பதற்கு 41 வருடம் முன்பு. அதில் வேறொரு ஆசிரியரின் 20 செய்யுள்கள் எடுத்துக்காட்டாக வருகின்றன. சக்ரவாள முறை அங்கே முழுசாக இருந்தது.

பின்னவர் பெயரில் இருந்த பெருமையின் உண்மையான சொந்தக்காரர், முன்னவரின் புத்தகத்துக்கான விளக்கத்துக்குள் கிட்டத்தட்ட 900 வருடம் உட்கார்ந்திருந்தார். தத்தா இரண்டு பாஸ்கரர்களையும் பிரித்து வைத்திருக்காவிட்டால் முன்னவரின் நூல்களைத் தேடிப் பிடித்துப் படிக்கும் வேலையில் லக்னோவில் யாரும் இவ்வளவு அக்கறையாக இறங்கியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அந்த 20 செய்யுள்களை எழுதியவரைப் பற்றி அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஊர் தெரியாது, தகப்பன் பெயர் தெரியாது, முழு நூல் கிடைக்கவில்லை. 1073க்கு முந்தியவர் என்பது மட்டும் நிச்சயம். செயற்கைக்கோள் எதற்கும் அவர் பெயர் இல்லை. பெயர் தெரியும்: ஜெயதேவர். நூலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது, நூறு வருடம் போல் கழித்து லட்சுமணசேனன் அவையில் இருந்த இன்னொரு ஜெயதேவரின் 'கீத கோவிந்தம்'.